பதினொரு காலிக் கண்ணாடிகள்

கண்ணாடி காலியாகத்தான் இருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். என் கண்ணில் பழுதில்லை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் கடைசி வரிசையில் நிற்கிற பஸ்ஸின் போர்டு எனக்கு இங்கிருந்தே தெரியும். எழுத்தைக் கூட்டி எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பேரை நான் படித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிப் போய்விடும், அது வேறு விஷயம்.

ஊருக்கு வெளியே கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஒரு காலேஜில், இயற்பியல் டிபார்ட்மெண்டைக் கூட்டித் துடைப்பது என் வேலை. வேலை கொடுத்தது காலேஜ் இல்லை, காண்ட்ராக்டர். மழை பெய்தால் அந்த மண் பிள்ளைகளின் செருப்பில் அப்பிக்கொண்டு மாடி வரைக்கும் ஏறி வரும். வெயில் காலத்தில் தூசியாகப் பறந்து வந்து மிஷின்மேல் உட்காரும். கரிசல் மண் மட்டும் இல்லையென்றால் எனக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. அதனால் அதை நான் திட்டுவதில்லை.

அதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் போனது அங்கேதான். லேபிளில் ஒரு புலி நிற்கும். அதைச் சுற்றி எழுத்தும் இருந்தது. தலைகீழாக ஒட்டினால் கணக்குப்பிள்ளை வைவார் என்பதால், புலியின் கால் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துக்கொள்வேன். எழுத்தைப் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் ஒட்டியும் அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது.

டிபார்ட்மெண்டில் எனக்குக் கேலிக்காரி என்று பேர். வெளியூரிலிருந்து பரீட்சை பார்க்க ஒரு மேடம் வருவார்கள். முதல் தடவை வந்தபோது, டிபார்ட்மெண்டுக்குத் தலைவராக இருக்கிற சார் எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். மைக்ராஸ்கோப்புக்குள் விழுந்துவிட்டார், காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறோம் என்றேன். மேடம் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. அதற்குப் பிறகு யார் வந்தாலும் சார் என்னைக் கூப்பிட்டு, இவங்கதான் அந்தப் பாட்டி என்று காட்டுவார். நானும் ஏதாவது சொல்வேன். நான் என்ன சொன்னாலும் சிரிப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பிள்ளை அங்கே ஆராய்ச்சி செய்ய வந்தவள். எப்போதும்வென்றான் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு ஆடுதான் தொழில், கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. என்னை ஆச்சி என்று கூப்பிடுவாள். நான் துடைத்த தரை காயும்வரை வாசலிலேயே நிற்கிற ஒரே ஆள் அவள்தான்.

ஒருநாள் என் கையில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைக் கொடுத்தாள். நம் விரல் அகலம், விரல் நீளம்.

"இதுல என்ன தெரியுது ஆச்சி?"

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலும் கீழும் திருப்பினேன். ஒன்றுமே இல்லை. இல்லை என்று சொன்னால் நான் என்ன கேலிக்காரி.

"தெரியுது தாயி. ஓரத்துல லேசா நைஞ்சிருக்கு. சீலை முந்தி நல்லாருக்கு. எத்தனை முழம்?"

சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள். அதன்மேல் நிஜமாகவே ஒரு சீலை விரித்திருக்கிறதாம். கரியால் ஆன சீலை. பென்சில் குச்சியில் இருக்கிற கரி, ஆயிரமாயிரம் சீலையை மடித்து அடுக்கி வைத்த மாதிரியாம். அதில் ஒரே ஒரு சீலையை மட்டும் தனியாக எடுத்தால் எப்படி இருக்கும், அதுதான் இது. அதைவிட மெல்லிசாக உலகத்தில் சீலை நெய்ய முடியாதாம், ஏனென்றால் நூலே அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கரண்டு ஓடும். செம்பில் ஓடுவதைவிட ஜோராக ஓடும். மேலே போகவும் கீழே போகவும் அதற்கு இடமில்லை, பக்கத்திலே பக்கத்திலேதான் போகவேண்டும்.

அதை எடுக்கிற விதத்தையும் ஒருநாள் காட்டினாள். சென்னையில் ஒரு பெரிய கூடத்தில் செம்புத் தகடைச் சூளையில் வைத்து அதன்மேல் அந்தக் கரியைப் படிய விடுவார்களாம். தகடை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவருவாள். இங்கே ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, மருந்து போட்டுச் செம்பைக் கரைத்துவிடுவாள். செம்பு போனபிறகு ஆடை மட்டும் மிதக்கும். கண்ணாடியை அடியில் கொடுத்து, பாலாடையை எடுக்கிற மாதிரி அலுங்காமல் தூக்குவாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். தண்ணீர்மேல் ஒரு மினுக்கம் நகர்ந்தது. அவ்வளவுதான். இதற்கா இந்தப் பாடு என்று கேட்டேன்.

"வெட்டவெளில ஆட்ட விட்டா எப்படிப் போவும் ஆச்சி?"

"இஷ்டத்துக்குப் போவும்."

"பட்டி வாசல்ல?"

"ஒண்ணொண்ணாத்தான் போவும். வாசலை இன்னும் சின்னதா வச்சா, உங்க அய்யாதான் பொறத்தால நின்னு தள்ளணும்."

"அதேதான். இந்தச் சீலையைக் கோடு கோடாக் கிழிச்சிருக்கேன். கோடு சின்னதாவச் சின்னதாவ கரண்டு தயங்குது. எத்தனை தள்ளு தள்ளுனா போவுதுன்னு அளக்கேன்."

கிழித்தது அவள் கையால் இல்லை. அதற்கும் அந்தச் சென்னைக் கூடத்தில்தான் மிஷின். முறைக்குக் காத்துக் கிடந்து, முந்தின வருஷம் வைகாசியில் எழுதிப்போட்டதற்குத் தையில் முறை வந்தது. பதினொரு கண்ணாடி கொண்டுவந்தாள். முதல் கண்ணாடியில் அகலமான கோடு, போகப் போகக் குறுகி, பதினொன்றாவதில் இருப்பதிலேயே ஒடுக்கமான கோடு. ஏழு கண்ணாடியை அளந்து நோட்டில் எழுதி முடித்திருந்தாள். பாக்கி நாலு. பூஜை கழிந்து பத்தாம் நாள் அந்த வெளியூர் மேடம் வருவார்கள். அவர்கள் முன்னால் அளந்து காட்டவேண்டும். காட்டினால் அவளுக்கு மேற்கொண்டு படிப்பு. இல்லையென்றால் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். இதை அவள் எனக்கு ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள். நான் பீரோவைத் துடைக்கிறபோதெல்லாம் சொல்வாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவள் ஊருக்குப் போய்விட்டாள். அவர்கள் வீட்டில் அரிவாளுக்கும், செம்மறிக்கு ரோமம் வெட்டுகிற கத்தரிக்கும் பொட்டு வைக்கவேண்டும். எங்கள் டிபார்ட்மெண்டிலும் பூஜை உண்டு. அன்றைக்கு ஒரு சாமான் அழுக்காக இருக்கக்கூடாது. கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கிவிட்டால் மறுநாள்வரைக்கும் தொடமாட்டார்கள். சாருக்கு இதில் பிரியம் ஜாஸ்தி, ஏனென்றால் போட்டோ எடுத்துக் காலேஜின் பேஸ்புக்கில் போடுவார். அவரே சாவியைக் கொண்டுவந்து பீரோவைத் திறந்தார்.

"பாட்டி, கண்ணாடி சாமான் ஒண்ணு விடாம எடுத்துக் கழுவிருங்க. போட்டோல பளிச்சுனு தெரியணும்."

சொல்லிவிட்டுப் போனில் பேசிக்கொண்டே போய்விட்டார்.

ஜாடி, குடுவை, குழாய் எல்லாம் கழுவினேன். மேல்தட்டில் ஒரு டப்பா. மூடியில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, சிவப்பு மையில் என்னவோ எழுதியிருந்தது. இங்கிலீஷ். லேபிளைக் கிழியாமல் உரிப்பது எனக்குக் கைவந்த வேலை. தண்ணீர் தொட்டு ஓரத்தைக் கிளப்பி முழுசாக உரித்தேன். உள்ளே வரிசையாகப் பதினொரு கண்ணாடி.

அவளுடைய கண்ணாடி என்று எனக்குத் தெரியாதா. அதைத்தான் என்னால் இன்றுவரை நேராகச் சொல்ல முடியவில்லை. இந்த மாதிரித் துண்டுக் கண்ணாடி அங்கே பெட்டி பெட்டியாகக் கிடக்கும். புதுசும் காலி, பழசும் காலி. அவள் தன்னுடையதைப் பத்திரமாக வேறெங்கோ வைத்திருப்பாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேனா, நினைக்க வேண்டும் என்று பிறகு நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. ஒரு கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. ஒன்றும் இல்லை. அப்புறம் பூஜைச் சாமானைத் தேய்க்கிற மாதிரிப் புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய்நாரால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். சோப்பில் கழுவியிருந்தால்கூட ஒருவேளை ஏதாவது மிஞ்சியிருக்கும். நான் வேலையைக் குறை வைக்கமாட்டேன். பதினொன்றையும் துணியில் துடைத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன்.

போட்டோ நன்றாக வந்திருந்தது. பளிச்சென்று இருக்கிறது என்று சார் சொன்னார்.

லீவு முடிந்து அவள் வந்த அன்று நான் நடையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டூலை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பொட்டு வைத்த கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவள் மாதிரி அதையே பார்த்தாள். பிறகு பொட்டைத் துடைத்துவிட்டு மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துக் குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை. கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினாள். அப்புறம் வாசலுக்கு வந்தாள்.

"ஆச்சி, பூசைக்கு இந்தக் கண்ணாடிய யாரு கழுவுனது?"

போன மாசம்தான் ஒரு குடுவையை உடைத்தாள் என்று என்னோடு வேலை பார்த்தவளைக் காண்ட்ராக்டர் நிறுத்தியிருந்தான். அந்தக் குடுவை உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். இது சென்னையிலிருந்து வந்தது.

"நான் தரைய விட்டு மேல ஏறலையே தாயி. இந்தத் தரை எனக்கு மாமியா மாதிரில்லா, இதை விட்டுட்டு நான் எங்கன போவ முடியும்?"

அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். சரி ஆச்சி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த எட்டு நாளும் நான் அந்த அறைக்குப் பக்கத்திலேயே பெருக்கினேன். பெருக்கின இடத்தையே பெருக்கினேன். ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்து இரண்டு பக்கமும் ஊசியை வைத்துக் கரண்டு விட்டுப் பார்த்தாள். மீட்டர் அசையவில்லை. பதினொன்றையும் பார்த்தாள், மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். சென்னைக்குப் போன் போட்டாள். அடுத்த முறை சித்திரை வெயில் கழிந்துதான் என்றார்கள் போலிருக்கிறது. தினமும் சாயந்திரம் போகிறபோது என் முன்னால் வந்து ஒரு நிமிஷம் நிற்பாள். செருப்பு வாரை மாட்டுவாள், கழற்றுவாள், திரும்ப மாட்டுவாள். வாரேன் ஆச்சி என்பாள். நான் ஏதாவது கேலி சொல்லி அனுப்பி வைப்பேன். எட்டு நாளைக்கும் எட்டுக் கேலி வைத்திருந்தேன் நான்.

மேடம் வந்தார்கள். டீயும் வடையும் நான்தான் கொண்டுபோனேன். உள்ளே நுழைகிறபோது மீட்டர் செத்துக் கிடந்தது. மேடம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏழு கண்ணாடியின் கணக்கும் அதில் வரிசையாக இறங்கிவந்திருந்ததாம், படிக்கட்டு மாதிரி. நிஜமாக அளந்தால் இவ்வளவு ஒழுங்காக வராதே என்றார்கள். அவர்கள் குரலில் கோபம் இல்லை. அதுதான் மோசம்.

"இது அளந்து எழுதினதாம்மா, நினைச்சு எழுதினதா?"

அந்தப் பிள்ளை ஊசியை எடுத்துக் கண்ணாடியில் மறுபடி வைத்தாள். சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை மேஜைமேல் வைத்தேன்.

"அதை நான்தான் கழுவுனேன் மேடம். பூசைக்கு. புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சேன். அந்தச் சீலை சாக்கடையோட போயிட்டு."

முதலில் சிரித்தது சார்தான்.

"மேடம், ஞாபகம் இருக்கா? நான் மைக்ராஸ்கோப்புக்குள்ள விழுந்துட்டேன்னு சொன்னாங்களே, அதே பாட்டி."

மேடமும் சிரித்துவிட்டார்கள். சீலை சாக்கடையோடு போனது என்பது அவர்களுக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது. நான் சத்தியம் என்றேன். தலையில் அடித்துச் சொன்னேன். ரெண்டு பேரும் ஒரே பக்கத்துக்காரங்க மேடம், பாசம் என்றார் சார். மேடம் சிரிப்பை நிறுத்தி அவளிடம் கேட்டார்கள், பாட்டி சொல்கிற மாதிரி யாராவது பீரோவைத் திறந்து கழுவினார்களா என்று. அவள் சாரைப் பார்த்தாள். சார் மேஜைமேல் இருந்த தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தெரியாது மேடம். நான் அன்னைக்கு ஊருக்குப் போயிருந்தேன்."

எல்லாரும் போனபிறகு அவள்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் வாயைத் திறந்து ஒப்புக்கொண்டேன், இவள் ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன. கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து மைக்ராஸ்கோப்பிடம் கூட்டிப்போனாள்.

"இங்கன குனிஞ்சு பாருங்க."

முதன்முதலாக அன்றைக்குத்தான் அதற்குள் பார்த்தேன். கண்ணாடி முழுக்கக் கீறல். சின்னச் சின்ன வட்டம், வட்டத்துக்குள் வட்டம். அந்த வட்டம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் குத்துவிளக்கின் அடியில் அதே வட்டம்தான் இருக்கிறது.

"வந்த அன்னைக்கே பாத்துட்டேன் ஆச்சி. போட்டோவும் எடுத்து வச்சிருக்கேன். மிஷின்ல தேச்சா இப்பிடிச் சுத்தாது. கையில தேச்சாத்தான் சுத்தும்."

"பெறகு ஏம்ட்டி சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். எட்டு நாளு பாத்தேன்."

நான் மறுபடி குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தேன்.

அவள் அழவில்லை. மற்றதையும் சொன்னாள். அன்றைக்கே நான் ஒப்புக்கொண்டிருந்தால், போட்டோவையும் வைத்து மேடத்துக்கு முன்கூட்டியே எழுதியிருப்பாளாம். பூஜையில் இப்படி ஆகிவிட்டது என்றால் நாளைத் தள்ளி வைத்திருப்பார்களாம். மீட்டர் அசையவில்லை என்று ஆனபிறகு நான் போய்ச் சொன்னால், அது அவள் சொல்லிக்கொடுத்த மாதிரிதானே இருக்கும் என்றாள். கீறலைக் காட்டியிருக்கலாமே என்றேன். கீறலைக் காட்டினால் பீரோவைத் திறந்தது யார் என்று கேள்வி வரும், அவர்தான் எனக்குக் கையெழுத்துப் போடவேண்டிய ஆள் என்றாள்.

"டப்பாவுல எழுதி ஒட்டியிருந்தேனே ஆச்சி. தொடாதீங்கன்னு."

"இங்கிலீசுல எழுதியிருந்த."

"ஆமா," என்றாள். "இங்கிலீசுலதான் எழுதிட்டேன்."

அந்தக் கையெழுத்தும் கிடைக்கவில்லை. கணக்கில் சந்தேகம் இருக்கிறது என்று தாளில் எழுதிவிட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் அறையைக் காலி செய்துகொண்டு போனாள். போகிறபோது, நான் துடைத்த தரை காயட்டும் என்று வாசலில் நின்றாள். என்னிடம் வாரேன் என்று சொல்லவில்லை.

அவளுடைய அப்பாவைப் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் பார்த்தேன். மகள் மெட்ராஸ் பக்கம் போன் தயாரிக்கிற கம்பெனியில் இருக்கிறாள் என்றார். போனுக்கு மேல்கண்ணாடி ஒட்டுகிற வேலை. ஒரு தூசி விழாமல் ஒட்டவேண்டுமாம். அவருக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. படிச்ச படிப்புக்குத் தக்க வேலைதான் என்றார். டிபார்ட்மெண்டில் வேறொரு பிள்ளையிடம் கேட்டேன். போன் கண்ணாடியிலும் அந்த மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கிறது பாட்டி, கரி இல்லை, வேறு சரக்கு, அதில் கரண்டு ஓடுவதால்தான் விரல் பட்டதும் தெரிகிறது என்றாள். எத்தனை கண்ணாடி ஒட்டுவாள் ஒரு நாளைக்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஒட்டுகிற வேலையில் ஒரு நாளைக்கு எத்தனை ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மறு வருஷம் பூஜை வந்தது. சார் சாவியோடு வந்து பீரோவைத் திறந்தார். கண்ணாடி சாமான் ஒண்ணு விடாம, என்று ஆரம்பித்தார். நான் காலண்டரில் கிழித்த தாளையும் பேனாவையும் நீட்டினேன்.

"எழுதிக் குடுங்க சார். எல்லாத்தையும் கழுவலாம்னு. தமிழ்ல எழுதுங்க. கீழ கையெழுத்துப் போடுங்க."

சிரித்துக்கொண்டே எழுதினார். அவர் முன்னாலேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன். தேதி போடச் சொன்னேன், போட்டார். மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்தேன். பக்கத்தில் நின்றவர்களிடம், பாட்டியோட குறும்பைப் பார்த்தீங்களா என்றார்.

எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தேன். மேல்தட்டில் அந்த டப்பா இன்னும் இருக்கிறது, பதினொரு கண்ணாடியோடு. அதில் ஒன்றுமில்லை என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். அதை மட்டும் எடுக்கவில்லை. போட்டோ எடுக்க வந்தவர், அது ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டார்.

"அதுல கரண்டு ஓடுது சார். தொட்டா அடிக்கும்."

அதற்கும் சிரித்தார்.